அலுமாரி ஆடிய கிழமை

நிலம் ஆடியபோது மார்த்தா வாளைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆடியது நிலம்தான் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அந்தோனிமுத்துவின் லொறி ஒழுங்கைக்குள் திரும்புகிறது என்றுதான் நினைத்தாள். "உவன் இண்டைக்கும் சைலன்சரைத் திருத்தேல்லை" என்று ஒரு வசவு வைத்துவிட்டு நிமிர்ந்தால், ஒழுங்கையில் லொறியும் இல்லை, அந்தோனிமுத்துவும் இல்லை. கழுதை ஒன்று மட்டும் நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, "இது நானில்லை" என்பது போல அவளைப் பார்த்தது. கருவாட்டுப் பந்தல் கிறீச்சிட்டது. ஆரோ பாயின் தலைப்பைப் பிடித்து ஒருதரம் உதறிவிட்டது போல, காலுக்கடியில் மணல் நெளிந்தது. வீட்டுக்குள் பீங்கான்கள் கலகலத்தன.

"ஏசுவே!" என்று மார்த்தா முற்றத்து நடுவுக்கு ஓடினாள்.

அதே வீட்டின் மற்ற வாசலால் மாக்கிறட்டும் ஓடிவந்தாள். முழங்கால் வருத்தக்காரி. அந்த ஓட்டத்தைப் பார்த்தால் வருத்தம் எந்தக் காலில் என்று டொக்டராலும் சொல்ல ஏலாது. வந்தவள் மார்த்தாவின் கையை எட்டிப் பிடித்தாள். பிடித்தாள் என்றால் நண்டு பிடித்த மாதிரி. ஆட்டம் நிற்கும் மட்டும் விடவில்லை.

நின்றது. மாக்கிறட் தான் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், அது ஆருடைய கை என்று பார்த்தாள், சட்டென்று விட்டாள். தன் கையைச் சட்டையில் துடைத்தாள். பிறகு முற்றத்தில் நின்ற வெள்ளைக் கோழியைப் பார்த்துச் சொன்னாள்:

"சீ, உவையின்ரை கையெல்லாம் கருவாட்டு நாத்தம்."

மார்த்தாவும் கோழியைத்தான் பார்த்தாள். "பிடிக்கேக்கை மணக்கேல்லையாம், விட்ட பிறகுதான் மணக்குதாம். கேட்டியே, கோழி?"

கோழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மணலைக் கிளறப் போய்விட்டது.

இருவரும் கூடப் பிறந்தவர்கள். மாக்கிறட் மூத்தவள், மார்த்தா இளையவள். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இரண்டு பேருடைய புருஷன்மாரும் கோயில் சவக்காலையில் பக்கத்தில் பக்கத்தில் சமாதானமாகக் கிடக்கிறார்கள். சமாதானம் இல்லாதது வீட்டில்தான். தகப்பன் கட்டிய நீட்டு வீட்டை நடுவால் ஒரு ஒற்றைக்கல் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தது. இந்தப் பக்கம் இளையவளின் அலுமாரி, அந்தப் பக்கம் மூத்தவளின் அலுமாரி, முதுகுக்கு முதுகு. சுவரைக் கட்டின மேசன் சீமெந்தில் கை இறுக்கக்காரன். ஒரு பக்கம் தும்மினால் மற்றப் பக்கத்துப் பீங்கான் பதில் சொல்லும்.

சுவர் வந்தது கலியாணத்தோடு. பேச்சு நின்றது ஒரு பாட்டோடு. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் மாதாவின் ஒப்பாரி பாடுவது அந்த வீட்டு உரிமை. ஒரு வரி அக்கா, அடுத்த வரி தங்கச்சி. ஆறேழு வருஷத்துக்கு முந்திய ஒரு பெரிய வெள்ளியில், "மகனே" என்ற இடத்தில் மூச்செடுக்க மாக்கிறட் கொஞ்சம் சுணங்கினாள். மார்த்தாவால் பொறுக்க முடியவில்லை, அக்காவின் வரியையும் தானே பாடி முடித்தாள். அதோடு விட்டாளா? வெளியே வந்து சனத்துக்கு முன்னால், "அக்காவின்ரை தொண்டை இப்ப பழம் பம்ப் மாதிரி. அடிக்க அடிக்கக் காத்துத்தான் வருது" என்றாள். ஊர் சிரித்தது. மாக்கிறட் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து இரண்டு பேருக்கும் கதையில்லை. அடுத்த வருஷம் கோயிலில் ஒப்பாரியை ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

சொன்னது பிழை என்று மார்த்தாவுக்குத் தெரியும். மூத்தவள் வந்து ஒரு ஏச்சு ஏசினால், தானும் பதிலுக்கு ஏசி, பிறகு அப்படியே இறங்கி வரலாம் என்று காத்திருந்தாள். மூத்தவள் ஏசவேயில்லை. என்ன வந்தாலும் கோழிக்குத்தான் சொன்னாள்.

நிலம் ஆடிய அன்று பின்னேரம், கருவாடு ஏற்ற உப்புக்குளத்திலிருந்து றாபியா வந்தாள். ஓலைத்தொடுவாய் என்ற அந்த ஊரின் கருவாடு அரைவாசி அவளுடைய கையால்தான் வெளியூர் போகும்.

"மார்த்தாக்கா, இங்கயும் ஆடினதா? எங்கட சுவரில மாட்டின மணிக்கூடு விழுந்து கண்ணாடி போயிட்டு."

"ஆடாமலோ. என்ரை கொலரோடை பிடிச்சு உலுப்பின மாதிரி."

"எங்கட மகள் அப்ரா லீவில வந்திருக்கா. நிலம் ஆடுறதை அளக்கிற கந்தோரிலதானே அவட வேலை. கோல் எடுத்துக் கேட்டாவாம். ரெண்டரையாம்."

"ரெண்டரை என்ன? இறாத்தலோ?"

"அது ஏதோ அவங்கட கணக்கு. சின்னதாம், பயப்பட ஒண்டுமில்லையாம்." றாபியா ஒரு கருவாட்டை வளைத்து முறித்துப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "மாக்கிறட் அக்காட விஷயம் தெரியுந்தானே?"

"எனக்கென்ன தெரியும்? நானென்ன அவவோடை கதைக்கிறனோ?"

"மகன் றோய் கனடாவுக்குக் கூப்பிட்டாச்சு. ரிக்கற்றும் வந்திட்டு. மடுத் திருநாள் முடிஞ்ச கையோட பயணம். ஒரேயடியாப் போறா."

மார்த்தாவின் கை கருவாட்டின் மேல் அப்படியே நின்றது. மடுத் திருநாளுக்கு இனி என்ன, இரண்டு கிழமைகூட இல்லை.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"அவதான். கொண்டுபோகக் கருவாடு கொஞ்சம் வடிவாக் கட்டித் தரச் சொன்னா."

"ஆற்றை கருவாடு?"

"உங்கடதான். வேற ஆர்ட கருவாடு அவ தின்னுறா? இவ்வளவு காலமும் என்னட்ட வாங்கிறது உங்கடதான். உங்களிட்டச் சொல்ல வேணாமெண்டா." றாபியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொல்லிட்டன்."

"என்ரை கருவாடு தின்னுவாவாம், என்னோடை கதைக்கமாட்டாவாம்."

"நீங்க முதல்ல ஒரு சொல் கதைச்சா நாக்கு தேஞ்சிடுமா, அக்கா?"

"நாக்குத் தேயாது. அவ சாகும் மட்டும் சொல்லித் திரிவா, 'தங்கச்சிதான் முதலிலை வந்தவ' எண்டு. மூத்தவ அவ. அவதான் முதலிலை வாயைத் திறக்கோணும்."

"அல்லாஹ்வே! உங்க ரெண்டு பேரிட பிடிவாதத்தை அப்ராட மிசினில வச்சா மிசின் வெடிக்கும்."

அடுத்த நாள் ஜும்மா முடிந்து மிச்சக் கருவாடு ஏற்ற வந்தபோது, றாபியா மகளையும் கூட்டிவந்தாள். அப்ரா வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் மார்த்தாவின் முற்றம் நிரம்பிவிட்டது. மாக்கிறட்டும் வந்தாள். வந்தாள் என்றால், தன் பக்கத்து வாசலில் கதிரையைப் போட்டு, முருங்கைக் கீரை உருவுகிற சாட்டில் காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பினாள்.

அந்தோனிமுத்துதான் தொடக்கினான். லொறியும் ஓட்டுவான், கோயில் மணியும் அடிப்பான். ஊருக்கு எது வந்தாலும் தனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்ற ஆள்.

"பிள்ளை, இனியும் வருமோ?"

"தெரியாது, அங்கிள்."

"உனக்குத் தெரியாது, சரி. உங்கடை மிசினுக்கு?"

"மிசினுக்கும் தெரியாது. வந்தா அளக்கும்."

"அளக்கிறதுக்கு வந்த பிறகு என்ன அவசரம்? சின்னது வந்தால் பின்னாலை பெரிசு வரும் எண்டு ரீவியிலை சொன்னவங்களே?"

"சில நேரம் வரும். பெரிசுக்கு முன்னால வாற சின்னதுக்கு முன்னதிர்வு எண்டு பேர். ஆனா, 'நான் முன்னதிர்வு' எண்டு அதிட நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. எல்லாச் சின்னதும் ஒரே மாதிரித்தான் ஆடும். பிறகு பெரிசு வந்தாத்தான், 'ஓ, அண்டைக்கு வந்தது முன்னதிர்வு' எண்டு பேர் வைக்கிறது. வராட்டி அது சும்மா ஒரு ஆட்டம்."

"இதென்ன கூத்து," என்றாள் மார்த்தா. "பிள்ளை பிறந்த பிறகுதான் அது பேற்று வலி, வாய்வில்லை எண்டு சொல்லுறது மாதிரியெல்லோ கிடக்கு."

முற்றம் சிரித்தது. அப்ராவும் சிரித்தாள். "கிட்டத்தட்ட அப்படித்தான், அன்ரி. சீனாவில ஒரு ஊரில சின்னச் சின்னதா நிறைய ஆடினது. சனத்தை வீட்டால வெளியில எடுத்தாங்க. பெரிசு வந்தது, கனபேர் தப்பினாங்க. உலகமே கைதட்டினது, இனி முன்கூட்டியே சொல்லிடலாமெண்டு. அடுத்த வருஷம் அதே நாட்டில இன்னொரு ஊர். அப்படி ஒரு முன்னறிவிப்பும் காட்டாம நித்திரையில வந்தது. இலட்சக்கணக்கில செத்தாங்க."

முன்னால் இருந்த ஒருத்தி தன் பிள்ளையை மடிக்கு இழுத்தாள்.

"நூறு சின்னது வந்தா, நாலஞ்சுக்குத்தான் பின்னால பெரிசு வரும்," என்றாள் அப்ரா அவசரமாக. "அதுவும் அடிக்கடி ஆடுற நாடுகளில. இஞ்ச அதை விடக் குறைவு. பயப்படாதீங்க."

"அப்ப வராது எண்டு எழுதித் தருவியோ?" என்று மார்த்தா கேட்டாள்.

"வராது எண்டு ஒருத்தராலயும் எழுதித் தர ஏலாது, அன்ரி."

"வரும் எண்டு?"

"அதுவும் ஏலாது."

மற்றவர்கள் அந்தப் பதிலைக் கேட்டு முகத்தைத் தொங்கப் போட்டார்கள். மார்த்தாவுக்கு மட்டும் அது தேனாக இனித்தது. ரெண்டரை வந்ததற்கு அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள். கை வந்தால் வாய் எவ்வளவு தூரம்? இன்னும் ஒன்று, கொஞ்சம் பெரிசாக வந்தால், "மார்த்தா!" என்று கூப்பிடாமல் எங்கே போவாள்? ஆனால் அது எப்ப வரும் என்று மிசினுக்கே தெரியாதாம். கனடா பிளேன் அதுவரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்குமா?

பூமி சுணங்கினால் நாங்கள் கொஞ்சம் கைகொடுப்பதில் என்ன பிழை என்று அவளுக்குப் பட்டது.

சனிக்கிழமை மத்தியானம், மாக்கிறட் சாப்பிட்டுச் சரிகிற நேரம். மார்த்தா தன் அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். இடுப்பால் ஒரு தள்ளு. சுவர் "ம்ம்" என்றது. அந்தப் பக்கத்துப் பீங்கான்கள் மெல்லக் கிலுங்கின. இன்னொரு தள்ளு. கிலுகிலு. மூன்றாவதுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, செருப்புச் சத்தம் முற்றத்துக்குப் பறந்தது.

மார்த்தாவும் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளும் பயந்தவள்தானே.

மாக்கிறட் முகம் வெளுத்து நின்றாள். அவளுடைய கை கொஞ்சம் முன்னுக்கு வந்தது. வாயும் திறந்தது. மார்த்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோழி," என்றாள் மாக்கிறட், "திரும்பியும் ஆடினது, என்ன?"

மார்த்தாவுக்கு அந்தக் கோழியைப் பிடித்து அன்றைக்கே குழம்பு வைக்க வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கொஞ்சம் பலமாக ஆட்டினாள். அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. மாக்கிறட் ஓடிவந்து கோழியிடம் மாதாவின் பிரார்த்தனை சொன்னாள். திங்கள் அதைவிடப் பலம். மாக்கிறட் முற்றத்திலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டாள், மீன் குழம்பும் வெளியில்தான். வாய் மட்டும் திறக்கவில்லை. மார்த்தாவின் இடுப்பில்தான் நோவு.

அதற்கிடையில் கதை ஊருக்குள் போய்விட்டது. போக விட்டது மார்த்தாதான். "வராது எண்டு எழுதித் தரமாட்டாவாம் அந்தப் பிள்ளை" என்று தண்ணீர்ப் பைப்படியில் சொன்னாள். அது கடற்கரைக்குப் போகும்போது "வருமாம்" ஆனது. மீன் வாடிக்குப் போகும்போது "அப்ரா சொன்னவவாம், திருநாளுக்கு முந்தி வருமாம்" ஆனது. மாக்கிறட் வீட்டில் தினமும் ஆடுகிறது என்பது அதற்குச் சாட்சி. சனம் பானை சட்டியை வெளியே எடுத்தது. அந்தோனிமுத்து மணிக் கயிற்றில் இருந்து கையை எடுக்காமல் கோயிலடியில் குந்தியிருந்தான். பெரிசு வந்தால் அடிக்கிற முதல் அடி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு.

செவ்வாய்க்கிழமை அப்ரா வந்தாள். முகம் உப்பியிருந்தது.

"அன்ரி, நான் எப்ப சொன்னனான் வருமெண்டு?"

"ஆர் சொன்னது நீ சொன்னதெண்டு?"

"பேஸ்புக்கில போட்டிருக்கு. என்ட பேரோட. கந்தோரில இருந்து பெரிய சேர் கோல் எடுத்து ஏசுறார், 'லீவில போய் ஊரை வெருட்டுறீங்களா' எண்டு. ஒருத்தரும் சொல்ல ஏலாததை நான் சொன்னனெண்டு வந்தா என்ட வேலைக்கே ஆபத்து. நாளைக்கு விடிய பஸ்ஸில திரும்பிப் போறன், விளக்கம் சொல்ல."

மார்த்தாவுக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் குத்தியது. இது அவள் கணக்கில் வராத ஆட்டம். "சனம் ஒண்டைப் பத்தாக்கும், பிள்ளை. நான் சொல்லி நிப்பாட்டிவிடுறன்," என்றாள். சொல்லலாம்தான். ஆனால் சொன்னால், ஏன் அந்த வீட்டில் மட்டும் ஆடுகிறது என்று கேட்பார்களே. இன்னும் ஒரே ஒரு நாள். நாளைக்குக் கட்டாயம் அக்கா வாய் திறப்பாள். அதுக்குப் பிறகு சொல்லலாம்.

அப்ரா அங்கிருந்து மாக்கிறட்டின் பக்கம் போனாள். மார்த்தா குசினி யன்னலால் பார்த்தாள். இருவரும் மெல்லக் கதைத்தார்கள். காற்று சோளகம், சொல்லை எல்லாம் மற்றத் திசைக்கு இழுத்துக்கொண்டு போனது. அப்ரா ஒரு பீங்கான் கோப்பையில் தண்ணீர் நிரப்பி முற்றத்து நடுவில் வைத்தாள். எதையோ விளங்கப்படுத்தினாள். மாக்கிறட் தலையை ஆட்டினாள். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். சுவரை மட்டும் கனநேரம் பார்த்தாள்.

"கோப்பையிலை தண்ணி வைச்சால் நிலநடுக்கம் வராதோ?" என்று மார்த்தா தனக்குள் சிரித்துவிட்டு, அன்றைய ஆட்டத்தையும் ஆட்டி முடித்தாள். மாக்கிறட் வெளியே ஓடிவந்தாள். முற்றத்தில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். கோழிக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.

புதன்கிழமை. மார்த்தா மத்தியானச் சோற்றுக்கு முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டு குசினி மர வாங்கில் இருந்தாள். இடுப்புக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசிவிட்டு அலுவலைத் தொடங்கலாம் என்று நினைத்தாள்.

அலுமாரி ஆடியது.

மார்த்தா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அது வாங்கிலேயே இருந்தது.

திரும்பியும் ஆடியது. அலுமாரிக் கதவு தானாகத் திறந்தது. கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டின. மேல்தட்டில் நின்ற மாதா சொரூபம் விளிம்பை நோக்கி ஒரு அடி நடந்து வந்தது.

"நான் இஞ்சை இருக்கிறன்," என்று மார்த்தா வாய்விட்டுச் சொன்னாள். "நான் ஆட்டேல்லை. அப்ப ஆர் ஆட்டுறது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வியாழக்கிழமை வந்தது உண்மையான ஆட்டம். அது சும்மா ஆட்டமில்லையோ? பின்னால் வருவதற்குத் தந்தி அடித்ததோ? இவ்வளவு நாளும் பொய்க்கு ஆட்டிக்கொண்டிருந்ததில் மெய்யை ஒருத்தரும் கவனிக்கவில்லையே! சிலுவை அடையாளம் போட்டாள், வெங்காயத்தோடும் கத்தியோடும் முற்றத்துக்குப் பாய்ந்தாள்.

முற்றத்தில் ஒருத்தரும் இல்லை.

உள்ளே இன்னும் கடகடவென்று கேட்டது. ஒவ்வொரு நாளும் முதலில் ஓடிவருகிறவள் இன்றைக்கு வரவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டதோ? அலுமாரி மேலே விழுந்ததோ?

"அக்கா!" அது எங்கேயிருந்து வந்ததென்று மார்த்தாவுக்கே தெரியாது. "அக்கோய்! பெரிசு வந்திட்டுது! வெளியிலை ஓடி வா, அக்கா!"

பதிலில்லை. கடகட மட்டும். மார்த்தா யோசிக்கவில்லை. ஆறேழு வருஷமாக மிதிக்காத வாசலை ஒரே எட்டில் தாண்டி உள்ளே போனாள்.

மாக்கிறட் தன் அலுமாரியில் முதுகைச் சாய்த்துக் கதிரையில் இருந்தாள். நோகாத காலை எதிர் மேசையில் உதைத்து உதைத்து ஆட்டினாள். கையில் பிஸ்கட். வாய் மெல்லுகிறது.

"கொஞ்சம் பொறு," என்றாள். "இன்னும் நாலு ஆட்டு ஆட்டினால்தான் உன்ரை திங்கட்கிழமைக் கணக்குக்குச் சரிவரும்."

மார்த்தாவின் கையிலிருந்த வெங்காயம் விழுந்து உருண்டது.

"நீயோ ஆட்டினனீ?"

"ஏன், நீ ஆட்டலாம், நான் ஆட்டக்கூடாதோ? என்ரை பக்கமும் அதே சுவர்தான்."

"ஐயோ, என்ரை நெஞ்சு நிண்டு போச்சு! மாதா சொரூபம் விழப் பார்த்தது!"

"என்ரை கலியாணப் பீங்கான் இரண்டு உடைஞ்சு போச்சு. அது ஆற்றை தலையிலை?"

"உனக்கு எப்படித் தெரியும்? அப்ரா சொன்னவவோ?"

"அந்தப் பிள்ளை உன்ரை பேரே எடுக்கேல்லை. 'அன்ரி, நிலம் ஆடினா இந்தத் தண்ணியும் ஆடும், அலுமாரி மட்டும் ஆடாது' எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. நேற்று ஓடிவந்து பார்த்தன். தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. காகம் நிண்டு குடிக்குது. அப்பவே விளங்கிச்சு, இது பூமிக்குள்ளை இருந்து வாறதில்லை, உன்ரை இடுப்புக்குள்ளை இருந்து வாறது எண்டு." மாக்கிறட் பிஸ்கட்டின் கடைசித் துண்டை வாயில் போட்டாள். "அது கிடக்கட்டும். இப்ப ஆர் முதலிலை கதைச்சது?"

"நான் உன்னைக் கூப்பிடேல்லை. கோழியைக் கூப்பிட்டனான்."

"கோழிக்கு 'அக்கா' எண்டோ பேர்?"

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. அடித்தது என்றால், பாஸ்குத் திருவிழாவுக்குக்கூட அப்படி அடித்ததில்லை. மார்த்தாவின் "பெரிசு வந்திட்டுது" கோயிலடி மட்டும் கேட்டிருக்கிறது. அந்தோனிமுத்து தன் வாழ்நாள் அடியை அடித்துக்கொண்டிருந்தான்.

இருவரும் வெளியே வரும்போது ஓலைத்தொடுவாய் முழுவதும் வெட்டைவெளியில் நின்றது. பிள்ளையோடு, பெட்டியோடு, ஒருத்தி அரைவாசி தலை பின்னியபடி. அந்தோனிமுத்து மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"எங்கை? எவ்வளவு பெரிசு?"

சனம் எல்லாம் மார்த்தாவைப் பார்த்தது. இப்போதும் ஒரு பொய் சொன்னால் தப்பலாம். ஆனால் அப்ராவின் உப்பிய முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஒண்டும் வரேல்லை," என்றாள். "அப்ரா பிள்ளை ஒண்டும் சொன்னதுமில்லை. வருமெண்டு கதை கட்டினது நான். தினமும் ஆட்டினதும் நான்தான்."

"நீரோ? எப்படி?"

மாக்கிறட் முன்னுக்கு வந்தாள். "என்ரை தங்கச்சிக்கு," என்று ஊர் கேட்கச் சத்தமாகத் தொடங்கினாள், "இடுப்பு கொஞ்சம் பெரிசு. அலுமாரிப் பக்கம் போனால் ரெண்டரை. குனிஞ்சு எழும்பினால் மூண்டு."

வெட்டை வெடித்துச் சிரித்தது. சிரித்ததில் குதித்தது, ஆளுக்காள் முதுகில் அடித்தது. அந்தோனிமுத்துதான் கோபத்தில், "அப்ப நான் இவ்வளவு அடிச்சது அலுமாரிக்கோ?" என்று நிலத்தில் உதைத்தான். அதற்கும் சிரித்தார்கள். மார்த்தாவைத் திட்டினவர்களும் இருந்தார்கள், ஓடிவந்த ஓட்டத்தில் பானையை உடைத்துக்கொண்டவள் நல்ல வடிவாகவே திட்டினாள். மார்த்தா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். கோபம் வரவேண்டிய நேரம், "என்ரை தங்கச்சி" என்ற சொல் மட்டும்தான் காதுக்குள் நின்றது.

சனம் கலைந்து, இருவரும் மாக்கிறட்டின் குசினிக்குள் வந்தபிறகுதான் அசல் சண்டை தொடங்கியது. ஆறேழு வருஷச் சண்டை, ஒரே மத்தியானத்தில்.

"சனத்துக்கு முன்னாலை இடுப்பைச் சொல்லுவியோ?"

"சனத்துக்கு முன்னாலை பழம் பம்ப் எண்டு நீ சொல்லேல்லையோ?"

"நீ சுணங்கினனீ! மாதா எவ்வளவு நேரம் அழாமல் நிக்கிறது?"

"நான் அழுதுகொண்டு நிண்டனான், மொக்கு! அந்த வருஷம்தானே என்ரை மனுசன் செத்தவர். 'மகனே' எண்டு பாடேக்கை அவரின்ரை முகம்தான் வந்தது. மூச்செடுக்கேல்லை, அழுதனான்."

அக்கா அழுதது மார்த்தாவுக்குத் தெரியாது. அருகில் நின்று பாடியவள், வரியைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ?"

கொஞ்ச நேரம் இருவரும் விழுந்த வெங்காயத்தைப் பொறுக்கி உரித்தார்கள். கண்ணைத் துடைக்க அது நல்ல சாட்டு.

"பம்புக்கும் இடுப்புக்கும் சரி," என்றாள் மாக்கிறட் கடைசியில். "இனி அதைக் கதைக்கப்படாது."

மார்த்தாவின் போன் அடித்தது. கந்தோருக்குப் போய்ச் சேர்ந்த அப்ரா.

"அன்ரி, சனமெல்லாம் உண்மையைச் சொல்லிப் பேஸ்புக்கில போட்டிருக்கு. பெரிய சேரும் பார்த்திட்டார். உங்களில எனக்குச் சரியான கோவம். ஆனா தேங்ஸ்."

"கோவப்படு பிள்ளை, கோவப்படு. நியாயம்தான்."

"இன்னொரு விஷயம். கொஞ்சத்துக்கு முந்தி உங்கட பக்கம் ஒண்டு பதிவாகியிருக்கு. உணர்ந்தீங்களா?"

"எது?"

"நில ஆட்டம். மெய்யான ஆட்டம். வியாழக்கிழமையை விடக் கொஞ்சம் கூட."

"எப்ப?"

அப்ரா சொன்ன நேரத்தை மார்த்தா எண்ணிப் பார்த்தாள். வெட்டையில் ஊரே சிரித்துக் குதித்துக்கொண்டிருந்த நேரம். "ஒருத்தருக்கும் தெரியாது, பிள்ளை. அப்ப பெரிசு எண்டது இதுதானோ?"

"இப்போதைக்கு இதுதான் பெரிசு. வியாழக்கிழமை வந்ததை இனி முன்னதிர்வு எண்டு போடுவம்."

"இப்போதைக்கோ?"

"இதை விடப் பெரிசு வந்தா, இதுவும் முன்னதிர்வாகிடும்."

"வருமோ?"

"அன்ரி!"

"சரி சரி, கேக்கேல்லை. ஒருத்தருக்கும் தெரியாது."

போனை வைத்தாள்.

"என்னவாம்?" என்றாள் மாக்கிறட்.

"பெரிசு வந்திட்டுப் போயிட்டுதாம். நீ என்ரை இடுப்பை ஊருக்குக் காட்டேக்கை."

"அட, நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கு." மாக்கிறட் எழும்பிக் கேத்தலை அடுப்பில் வைத்தாள். வெளியடுப்பில் இல்லை, குசினி அடுப்பில்.

மார்த்தா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது.

"போறதுதானோ, அக்கா?"

"ரிக்கற் வந்திட்டுதே. பெடியன் தனிச்சுப் போய்க் கிடக்கிறான். போகாமல் என்ன செய்யிறது?"

"ஓம். போகத்தான் வேணும்." மார்த்தா வெங்காயத் தோலை ஒரு குவியலாக்கினாள், பிறகு கலைத்தாள். "கருவாட்டை றாபியாவிட்டை வாங்காதை. நான் கட்டித் தாறன். அவள் கட்டினால் பிளேன் முழுக்க மணக்கும்."

"ஓ, சொல்லிப்போட்டாளோ அவள்?"

"போய்ச் சேர்ந்த உடனை கோல் எடுப்பியோ?"

"நீ எடு. முதலிலை கதைக்கிறது உன்ரை வேலைதானே."

"நானோ? எடுக்கமாட்டன். மூத்தவ நீதான் எடுக்கோணும்."

"பார்ப்பம்," என்றாள் மாக்கிறட், தேத்தண்ணியை அவள் பக்கம் தள்ளியபடி.

"ஓம், பார்ப்பம்," என்றாள் மார்த்தா.